நாகைக்கே வந்தோம்

துவாக்குடியில் நாகப்பட்டினத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அங்கே ஒரு ராத்திரி தங்கியவர்கள் அதைவிடக் குறைவு. வேளாங்கண்ணிக்கு வேண்டுதல், நாகூருக்குக் கந்தூரி, திருநள்ளாற்றுக்குச் சனிப்பெயர்ச்சி என்று ஏதாவது ஒரு சாக்கில் டோல்கேட்டைத் தாண்டிக் கிழக்கே போகாத குடும்பம் எங்கள் பக்கம் இல்லை. வழியில் நாகை வரும். பஸ் பத்து நிமிஷம் நிற்கும். டீ குடிப்பவர்கள் குடிப்பார்கள், குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறவர்கள் போவார்கள், அப்புறம் விசில். கடல் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

நாங்கள் அங்கே தங்குவதென்று முடிவு செய்தது மே மாதத்தில். எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது துவாக்குடி சிட்கோ எஸ்டேட்டில், பாய்லருக்கு உதிரி பாகம் செய்துகொடுக்கிற சின்னக் கம்பெனி ஒன்றில். பெல் (BHEL) ஆலையிலிருந்து ஆர்டர் வந்தால் அங்கே ஓவர்டைம், வராவிட்டால் கேட்ட லீவு கேட்டபடி கிடைக்கும். கிடைத்தது. பையன் வெளியூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். நாகையில் தொடங்கி காரைக்கால், தரங்கம்பாடி, பூம்புகார், பரங்கிப்பேட்டை என்று கரையோரமாகவே டவுன் பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி வரை போவது, முன்கூட்டி ரூம் போடுவதில்லை, முதுகில் ஏறாத எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்று திட்டம்.

"அக்னி நட்சத்திரத்துல கிழக்குக் கரைக்குப் போறேங்கிறீங்களே, ஏதாச்சும் வேண்டுதலா?" என்று கேட்டார் மாமியார். வேண்டுதல் ஒன்றும் இல்லை என்றதும்தான் அவருக்குக் கவலை அதிகமானது.

திருவெறும்பூரில் காரைக்கால் பாசஞ்சர் ஏறினோம். பஸ்ஸில் போனால் நான்கு வழிச் சாலையில் தஞ்சாவூர் முக்கால் மணி நேரம்தான். ஆனால் இந்தப் பயணத்துக்கு ரயில்தான் சரி என்று எனக்கு ஒரு பிடிவாதம். காரணம், அந்தத் தண்டவாளம் போட்டதே நாகையிலிருந்து எங்கள் ஊரைப் பார்த்துத்தான். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1861இல் நாகையிலிருந்து தஞ்சாவூர் வரையும், 1862இல் திருச்சி வரையும் ரயில் விட்டது. காவிரியை ஒட்டியே கிடக்கிற திருச்சிக்கு ரயில் கடலிலிருந்து வந்தது. தண்டவாளமும் எஞ்சினும் கப்பலில் வந்து இறங்கிய காலம் அது. அதனால் துறைமுகத்தில்தான் ஆரம்பிக்க முடியும்.

சோளகம்பட்டி, பூதலூர், ஆலக்குடி. மே மாதத்து டெல்டாவைப் பச்சைப்பசேல் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். அதற்குள் வாய்க்காலைத் தூர் வாரிவிட வேண்டும் என்று எங்கே பார்த்தாலும் பொக்லைன் நின்றது. சாலியமங்கலம், அம்மாப்பேட்டை தாண்டி, நீடாமங்கலத்துக்கு அப்புறம் போர் தண்ணீரில் கோடை நெல் கொஞ்சம். திருவாரூர் பக்கம் நெல் அறுத்த வயலில் பருத்தி. பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஞ்செடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழ்வேளூர் வரும்போதே காற்று மாறிவிட்டது. திருச்சி வெயில் தோலைச் சுடும், வியர்வையை அங்கேயே காயவைத்துவிடும். இது காயவைக்காது. சிக்கல் ஸ்டேஷனில் இவர் சட்டை முதுகில் பையின் வடிவம் அப்படியே ஈரமாக இறங்கியிருந்தது.

லாட்ஜில் முதல் கேள்வி, "வேளாங்கண்ணியா சார், நாகூரா?"

"நாகைதான்."

"அது சரி, எங்க போறீங்க?"

"இங்கதாங்க. நாகைக்கே வந்திருக்கோம்."

மேனேஜர் எங்கள் இரண்டு பைகளையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆதார் கேட்டார். என் ஆதாரில் அப்பா பெயர்தான் இருக்கிறது, கல்யாணத்துக்கு அப்புறம் மாற்றத் தோன்றவில்லை. இவர் கார்டில் துவாக்குடி முகவரி, என் கார்டில் புதுக்கோட்டை. "மேரேஜ் சர்டிபிகேட், ரேஷன் கார்டு ஏதாவது போன்ல இருக்குங்களா மேடம்?" என்றார், மரியாதையாகத்தான். காதோரம் நரைத்து, மூக்குக் கண்ணாடி போட்டு, கல்லூரிக்குப் பையனை அனுப்பிவிட்டு வந்திருக்கிற இரண்டு பேரிடம். ஒரு பெட்டியும் ஒரு மொட்டைத் தலையும் இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். முதுகில் பை மாட்டிய ஆணும் பெண்ணும் குடும்பம் இல்லை என்பது நம் ஊர் லாட்ஜுகளின் எழுதாத சட்டம். ரேஷன் கார்டு படம் போனில் இருந்தது. அதில் பையன் பெயரையும் படித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். இவருக்குச் சிரிப்பு. எனக்குக் கோபம். மாடியேறி மின்விசிறியைப் போட்டதும் அது அனலை எடுத்து எங்கள் மேல் ஊற்றியதில் கோபம் மறந்துபோனது.

கடற்கரை ஊரில் வெயில் காலத்தில் எப்படி இருப்பது என்பதை ஊர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தெர்மாமீட்டரை நம்பிப் பயனில்லை. திருச்சியில் 40 டிகிரி அடிக்கிற அன்று நாகையில் மூன்று நான்கு டிகிரி குறைவாகத்தான் காட்டும், ஆனால் வேக்காடு இரண்டு மடங்கு. காலையில் நிலம் சூடேறி அதன்மேல் உள்ள காற்று மேலே கிளம்பினால், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு அது வந்துவிட்டால் ஊர் பிழைத்தது. மே கடைசியில் மேற்குக் காற்று வலுத்துவிடும். மீனவர்கள் கச்சான் என்று சொல்கிற அந்தக் காற்று, உள்நாட்டுச் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கரையில் நின்று கடல்காற்றை உள்ளே விடாமல் தடுக்கும். நாங்கள் போனபோது அதுதான் நடந்துகொண்டிருந்தது. மூன்று மணிவரை கொடியில் போட்ட துண்டு கடலைப் பார்த்துப் பறந்தது. அது திரும்பி ஊரைப் பார்த்துப் பறக்க ஆரம்பித்ததும் கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்கினார்கள்.

ஆக ஊரின் நாள் இரண்டாக வெட்டப்பட்டது. விடியலுக்கு முன்னால் எழுந்து ஒன்பது, ஒன்பதரைக்குள் பார்ப்பதைப் பார்த்துவிட வேண்டும். அப்புறம் நுங்கு, மோர், தூக்கம். நாலு மணிக்கு மறுபடி ஊர் எழும். வெளிநாட்டுக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் நடப்பதைப் பாண்டிச்சேரியில் பார்த்திருக்கிறேன். அது வீரம்தான், விவேகம் இல்லை. நாங்கள் மத்தியானம் முழுக்கத் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத் துண்டைப் போர்த்திப் படுத்துக்கிடந்தோம். இப்படி இரண்டு பேரும் எதுவும் செய்யாமல் ஒரே அறையில் கிடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்பது அங்கே கிடந்தபோதுதான் தெரிந்தது. வீட்டில் கிடந்தால் யாராவது எழுப்பிவிடுவார்கள்.

அதிகாலையில் அக்கரைப்பேட்டைக்கு நடந்தோம். காவிரியின் கடைசிக் கிளைகளில் ஒன்றான கடுவையாறு கடலில் சேரும் இடத்தில் மீன்பிடித் துறைமுகம். ஒரு கரையில் அக்கரைப்பேட்டை, அருகே கீச்சாங்குப்பம். மீன் இனப்பெருக்கக் காலம் என்பதால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. முன்பு 45 நாள், 2017இலிருந்து 61 நாள். படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையாகக் கட்டிக்கிடந்தன. கரையேற்றியவற்றின் வயிற்றைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நிழல் கிடைத்த இடத்திலெல்லாம் வலையை விரித்துப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடைக்காலம் என்றால் மீனவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். துவாக்குடியில் மெயின்டனன்ஸ் ஷட்டவுன் நடக்கும்போது யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை, இங்கே மட்டும் எப்படி உட்கார்வார்கள்?

பைபர் படகுகளுக்குத் தடை இல்லை. ராத்திரி போனவை திரும்பிக்கொண்டிருந்தன. சங்கராவும் கிழங்கானும் கூடையில் குறைவாகத்தான் வந்தன. ஏலம் விடுகிற அம்மா விலையைச் சொன்ன வேகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முடிந்த பிறகு கேட்டால், "தடை காலத்துல வந்துட்டு வெலை கேட்டா எப்புடி கண்ணு?" என்றார்.

ஒரு விசைப்படகின் பின்பக்கம், வலை இழுக்கிற விஞ்ச்சின் அடித்தட்டில் ஒருவர் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டால் இவரால் நடக்க முடியாது. போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வெல்டர் பக்கத்தில் ஒரு தகரத்தை வெயில் படும்படி சாய்த்து வைத்து, அதன்மேல் ராடுகளைப் பரப்பியிருந்தார். கடல்காற்றின் ஈரம் ராடின் மேல்பூச்சில் ஏறிவிடும். அப்படியே வைத்தால் வெல்டுக்குள் காற்றுக்குமிழி நின்று பொத்தல் விழும். எங்கள் பக்கத்து ஷாப்புகளில் அதற்கென்று ஓவன் உண்டு, முந்நூறு டிகிரிக்குப் பக்கம் சுட்டு எடுத்துத்தான் வெல்டர் கையில் கொடுப்பார்கள்.

"இந்த வெயில் பத்தாதுண்ணே, 7018க்கு," என்றார் இவர்.

அவர் முகமூடியைத் தூக்கினார். "எந்த ஊரு சார்?"

"துவாக்குடி."

"பெல்லா?"

உலகத்தில் எங்கே போய்த் துவாக்குடி என்று சொன்னாலும் அடுத்த கேள்வி அதுதான். இல்லை, சிட்கோ என்றார் இவர். வெல்டர் எஸ்டேட்டின் தெருக்களைச் சொல்ல ஆரம்பித்தார். நாகை ஐடிஐயில் படித்துவிட்டு அங்கேதான் வந்து வேலை செய்தாராம். ஐபிஆர் டெஸ்ட் எழுதி, சாய்த்துவைத்த குழாயில் சுற்றிச்சுற்றி வெல்டிங் வைக்கிற சிக்ஸ்-ஜியும் பாஸ் பண்ணியவர். ஆர்டர் குறைந்தபோது ஊருக்குத் திரும்பிவிட்டார். "பாய்லர்னா எக்ஸ்ரே எடுப்பாங்க. இங்க கடல்தான் எக்ஸ்ரே. ஆறு மாசத்துல சொல்லிடும்," என்றார். துருவைக் கிரைண்டரில் ஓட்டிய இடத்தை இவர் விரலால் தடவிப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவர் செய்கிற வேலை என்ன என்று எனக்கு இவ்வளவு பொறுமையாக யாரும் காட்டியதில்லை. வீட்டில் கேட்டால் "இன்ஸ்பெக்ஷன்" என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வார். இங்கே அரை மணி நேரம் இரண்டு பேரும் ஒரு சாண் நீள வெல்டைப் பற்றிப் பேசினார்கள்.

வெல்டரின் தாத்தாவுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ரயில்வே ஷாப்பில் வேலை. எந்த ஷாப்பு? இங்கே, நாகையில் இருந்த ஷாப்பு. பொன்மலை என்று திருச்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்கிற ரயில்வே பணிமனை முதலில் இருந்தது நாகையில்தான். தென்னிந்திய ரயில்வே 1897இல் இங்கே அமைத்த பணிமனையை 1928இல் பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள். அதோடு ஆட்குறைப்பும் வந்தது. 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம் நடந்ததும், அதில் முன்னின்றதற்காகத் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் கிட்டத்தட்ட எழுபது வயதில் சிறைக்குப் போனதும் நான் பார்த்த பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. நானே பாடம் நடத்துகிறவள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். வெல்டரின் தாத்தா பொன்மலைக்குப் போகவில்லை. அவர் தம்பி போனார். அந்தக் கிளை இன்றைக்கும் பொன்மலையில் இருக்கிறது, கல்யாணம் காட்சிக்கு வருகிறது. நீலகிரி மலை ரயிலுக்குப் புது நீராவி எஞ்சின் செய்துகொடுத்த பட்டறையின் வேர் இந்த உப்புக்காற்றில் இருக்கிறது.

அதற்கப்புறம் எனக்கு ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. நாகையிலிருந்து நாங்கள், அதாவது திருச்சிக்காரர்கள், எடுத்துக்கொண்டு போனது வேறென்ன?

முதல் பதிலுக்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் லூர்து மாதா கோவிலை ஒட்டி இருக்கிற செயின்ட் ஜோசப் கல்லூரியைச் சேசு சபையினர் ஆரம்பித்தது 1844இல், நாகப்பட்டினத்தில். 1883இல்தான் திருச்சிக்கு மாற்றினார்கள். அப்துல் கலாம் இயற்பியல் படித்த கல்லூரி அது. மாற்றாமல் விட்டிருந்தால் ராமேஸ்வரத்துப் பையன் கரையோரமாகவே நாகைக்கு வந்து படித்திருப்பார்.

அந்தக் கல்லூரியின் கதையில் இன்னொரு கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய நாட்டு அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்க வர்மன் தன் தகப்பனார் பெயரால் நாகையில் சூடாமணி விகாரத்தைக் கட்டினான். ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜன் அதற்குக் கொடுத்தான். கொடுத்ததை எழுதிய 21 செப்பேடுகள் டச்சுக்காரர்கள் கைவழியே ஹாலந்தின் லைடன் நகரத்துக்குப் போனதால் லைடன் செப்பேடு என்றே பெயராகிவிட்டது. அந்தக் காலத்துப் பௌத்த நாகையின் மிச்சமாக ஒரு செங்கல் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. கப்பல்காரர்கள் அதைத் தூரத்திலிருந்து பார்த்துக் கரையை அடையாளம் கண்டார்கள். அதே சேசு சபைப் பாதிரியார்கள் அரசாங்க அனுமதி வாங்கி 1867இல் அதை இடித்துவிட்டார்கள். பதினாறு வருஷம் கழித்துக் கல்லூரியும் போய்விட்டது. கோபுரத்தையாவது விட்டுவைத்திருக்கலாம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் 1856 முதல் 1930கள் வரை மண்ணுக்கடியில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் ஏறக்குறைய 350. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றில் பலவற்றைப் பார்க்கலாம். நாகையில் இன்று பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நாங்கள் தேடிக்கொண்டு போனபோது ஆட்டோக்காரர், "விகாரமா? பொன்னியின் செல்வன் படத்துல வந்துச்சே, அதுவா?" என்றார்.

இரண்டாவது பதில் சௌந்தரராஜப் பெருமாள் கோவிலில் கிடைத்தது. திருமங்கையாழ்வார் பாடிய திவ்ய தேசம். சாயங்கால வெயில் இறங்கிய பிறகு போனால் கல் தரையில் கால் வைக்க முடிகிறது. அங்கே உட்கார்ந்திருந்தபோது, பாட்டி சொல்லிக் கேட்ட குருபரம்பரைக் கதை ஞாபகம் வந்தது. ஸ்ரீரங்கத்துத் திருமதில் திருப்பணிக்குப் பணம் போதாமல் திருமங்கையாழ்வார் நாகைக்கு வந்து, விகாரத்தில் இருந்த பொன் புத்தர் சிலையைக் கொண்டுபோய் உருக்கினார் என்பது கதை. வரலாறா இல்லையா என்பது வேறு விஷயம். திருடினார் என்று வைஷ்ணவர்களே சிரித்துக்கொண்டு சொல்வது எனக்குப் பிடிக்கும். ஸ்ரீரங்கத்தின் நாலாம் பிராகாரத்துக்கு ஆலிநாடன் திருவீதி என்று அவர் பெயர்தான். அந்த மதிலோரம் எத்தனை தடவை செருப்பில்லாமல் ஓடியிருப்பேன்!

பொன், கல்லூரி, ரயில்வே பட்டறை. கதையோ நிஜமோ, மூன்றும் போனது ஒரே திசையில். நாகையை வழியில் வருகிற ஊராக மட்டும் பார்க்கிற எங்கள் பழக்கம் நேற்று வந்ததில்லை போலிருக்கிறது.

கீச்சாங்குப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ்நாட்டில் சுனாமி அதிகம் பறித்தது இந்த மாவட்டத்தில்தான். ஆறாயிரத்துக்கும் மேலான உயிர்கள். அதில் பெரும் பங்கு இந்த ஆற்றுமுகத்துக் குப்பங்கள். படகுகள் வீட்டுக்கு மேலே, பாலத்துக்கு மேலே என்று கிடந்த படங்களை அன்று பேப்பரில் பார்த்தோம். அப்போது பையன் பிறக்கவில்லை, நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பள்ளியில் துணி, அரிசி சேர்த்து லாரியில் அனுப்பினோம். இப்போது கரையிலிருந்து உள்ளே தள்ளிச் சுனாமிக் குடியிருப்புகள். வீடு அங்கே, படகு இங்கே. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் அந்த நாளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "வெயிலுக்கு மின்னாடி கெளம்புங்க," என்று மட்டும் சொன்னார். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் நினைவுப் பூங்கா இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் அங்கே கூட்டம்.

சாயங்காலம் புதிய கடற்கரை. திருச்சியில் சாயங்காலம் என்றால் மலைக்கோட்டைப் பக்கம் கடைவீதி, அல்லது காவிரிப் பாலம், அதுவும் தண்ணீர் ஓடினால். இங்கே ஊரே மணலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அகலமான தட்டை மணல், குளிக்க லாயக்கில்லாத அலை, மாங்காய்க் கீற்று, பஜ்ஜி. போலீஸ்காரர்கள் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். காற்று திரும்பியிருந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு வந்து, மணலில் வட்டமாக உட்கார்ந்து, அம்மா உருட்டிக் கையில் போடப் போடச் சாப்பிட்டார்கள். அந்த அம்மாள் எங்களையும் பார்த்து ஒரு உருண்டை நீட்டினார். வாங்கிக்கொண்டோம். சங்கரா மீன் குழம்பு, முந்தின நாளையது.

நாகூருக்கு டவுன் பஸ்ஸில் போனோம். சாகுல் ஹமீது ஆண்டகை தர்காவின் ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி, தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது. இந்து ராஜா கட்டிய மினாரா என்று வழிகாட்டிகள் வியந்து சொல்வார்கள். அங்கே வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் வியக்க ஒன்றும் இல்லை. பாதிப் பேர் நெற்றியில் திருநீறு. எனக்கு நாகூர் என்றால் வாடா. அரிசி மாவைக் கொரகொரப்பாகப் பிசைந்து, வெங்காயம் சேர்த்து, கையில் தட்டையாகத் தட்டி, நடுவில் ஒரு முழு இறாலை அழுத்தி எண்ணெயில் போடுகிறார்கள். இறாலின் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சூட்டோடு கடித்தால் ஓரம் மொறுமொறுப்பு, நடு மெத்து. வேக்காட்டில் எண்ணெய்ப் பலகாரமா என்று முகம் சுளித்த இவர் மூன்று தின்றார். அதற்கு மேல் தம்ரூட் என்ற இனிப்பு வேறு.

காரைக்காலுக்குக் கிளம்புகிற அன்று வெயில் இறங்கட்டும் என்று காத்திருந்தோம். நாலு மணிக்குமேல் துறைமுகத்துப் பக்கம் நடந்தோம். அந்தக் காலத்தில் நாகை துறைமுகத்தில் பெரிய கப்பல் கரைவரைக்கும் வந்ததில்லை. ஆழம் போதாது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்விடுவார்கள். 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973வரை ஓடியது. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் போனவர்களில் எத்தனை பேர் இந்த மணலில் நின்று கடைசியாக ஊரைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்! என் அம்மாவின் பெரியப்பா ஒருவர் அப்படிப் போனவர். ரஜூலாவுக்கு அப்புறம் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்து அதுவும் முடிந்தது. அதோடு பயணிகள் கப்பல் என்ற பேச்சே ஊரில் செத்துப்போனது.

பிறகு 2023 அக்டோபர் 14இல் இலங்கையின் காங்கேசன்துறைக்குச் செரியாபாணி என்ற கப்பல் விட்டு, சில நாளில் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது. நாலு மணி நேரத்துப் பயணம். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்திறங்கியவர்கள் சுங்கச் சோதனை முடிந்து வெளியே வந்தார்கள். அவர்களில் எங்களைவிடக் கொஞ்சம் வயது குறைந்த ஒரு தம்பதி. இரண்டு பேர் முதுகிலும் பை. எங்கள் பையைப் பார்த்துவிட்டு நேராக எங்களிடம்தான் வந்தார்கள்.

"அண்ணை, திருச்சிக்குப் போற பஸ் எங்க எடுக்கலாம்?" என்று அவர் கேட்டார். யாழ்ப்பாணம். ஸ்ரீரங்கம் பார்க்க வேண்டும், அப்புறம் சமயபுரம், பிறகு மதுரை.

"இன்னைக்கு ராத்திரி இங்கயே தங்கிட்டுக் காலையில போகலாமே," என்றேன் நான்.

அந்தப் பெண் கடலைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள். "இஞ்ச என்ன அக்கா இருக்கு பார்க்க?"

வாடாவிலிருந்து வெல்டர் வரைக்கும் சொல்ல எனக்கு ஆசைதான். அதற்குள் இவர் வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பேரம் பேசிக்கொள்ளுங்கள், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு நேர் பஸ் உண்டு, துவாக்குடி என்று ஒரு டோல்கேட் வரும், அங்கே இறங்கிவிடாதீர்கள், சத்திரம் போய் ஒண்ணாம் நம்பர் டவுன் பஸ் பிடித்தால் ஸ்ரீரங்கம் கோவில் வாசல். ரூம் போடும்போது ஆதார் கேட்டால் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள், கல்யாணப் போட்டோவும் கையோடு இருக்கட்டும்.

"ஏன் அண்ணை, கல்யாணப் போட்டோ?" என்றார் அவர். இவர் என்னைப் பார்த்தார்.

"சும்மா கேப்பாங்க," என்றேன். காரைக்கால் பஸ் வந்துவிட்டது. பின்வாசலில் ஏறி, பைகளை எஞ்சின் பக்கத்துத் தட்டில் போடச் சொன்ன கண்டக்டரிடம் தர மாட்டோம் என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டோம்.